மலையில் புல்தரை: நீர்த் தேக்கமும் பூஞ்சை நோயும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரி, குன்னூர், ஊட்டி மூன்று ஊர்களிலும் வீடு, தங்கும் விடுதி, பள்ளி என்று பல இடங்களின் புல்தரைகளை நெடுநாளாகப் பார்த்து வருகிறேன். ஜூன் பிறந்துவிட்டால் போன் ஓயாது. கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: புல் மஞ்சளடிக்கிறது, காலை வைத்தால் சளக் சளக் என்கிறது, என்ன மருந்து அடிக்கலாம்? மருந்தைப் பற்றியும் கீழே எழுதியிருக்கிறேன். ஆனால் தண்ணீரைப் பற்றிய பகுதியைப் படிக்காமல் மருந்துப் பகுதிக்குத் தாவ வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தண்ணீர் வடியாத இடத்தில் அடித்த மருந்துக்குப் பலன் இருந்து நான் பார்த்ததில்லை.

மலைச்சரிவில் இருக்கும் வீட்டில் தண்ணீர் எப்படித் தேங்கும்? சரிந்து ஓடிவிடாதா?

சரிவு ஓடவிடும். ஆனால் நம் புல்தரை சரிவில் இல்லையே! மலையை வெட்டிச் சமன்படுத்திய தட்டில் அல்லவா இருக்கிறது. வீடு கட்டும்போது மேல்பக்கம் வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டி, மிதித்து இறுக்கிச் சமமாக்குகிறார்கள். கருப்பாக, பொலபொலவென்று இருந்த ஒரு சாண் மேல்மண் அடியில் போய்விடும், அல்லது லாரியில் போய்விடும். மிஞ்சுவது அடியிலிருந்த செம்மண் களி. செங்கல்லும் ஜல்லியும் சிமெண்ட் கலவையும் ஒரு வருடம் அதன்மேல் கிடந்திருக்கும். அதற்குமேல் இரண்டு அங்குலம் மண் பரப்பிப் புல் பதித்தால், தட்டில் பஞ்சு வைத்தது போலத்தான்.

இன்னொன்று, வெட்டிய மேட்டின் காலடி. மலைக்குள் இறங்கும் மழைநீர் வெட்டுமுகத்தில் வந்து கசியும். மழை நின்று நான்கு நாள் ஆனாலும் அது நிற்காது. என் சொந்த வீட்டில் மூன்று மழைக்காலம் புல் அழுகியது. கட்டிக் கொடுத்தவர் சொன்னபடி மருந்து அடித்துக்கொண்டே இருந்தேன். நான்காம் வருடம் மேட்டின் ஓரத்தில் கடப்பாரையால் ஒன்றரை அடி தோண்டினேன். ஊற்றாமலே குழியில் தண்ணீர் ஊறி நிறைந்தது. கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயும் அதே மூலையில்தான் தரையில் விட்டிருந்தது. ஒரு வாய்க்காலும் 12 அடி குழாயும் போட்டேன். அதற்குப் பிறகு அந்த இடத்தில் மருந்து டப்பாவைத் திறக்கவில்லை.

நீர் தேங்குகிறதா என்று எப்படி உறுதி செய்வது? மேலே பார்த்தால் தண்ணீர் தெரியவில்லையே?

மேலே குட்டை கட்டினால்தான் தேக்கம் என்று நினைக்க வேண்டாம். புல் பச்சையாக இருக்கும்போதே அடியில் வேர் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும்.

மண்வெட்டியால் ஓர் அடிக்கு ஓர் அடி சதுரமாக வெட்டி, புல்லோடு மண்ணைப் புரட்டிப் பாருங்கள். நல்ல மண் செம்பழுப்பாக ஒரே நிறத்தில் இருக்கும், உதிரும், மழை பெய்த மண்வாசம் வரும். தேங்கிய மண்ணில் சாம்பல் நிறமும் நீலம் கலந்த திட்டுகளும் தெரியும். அவற்றின் ஓரம் துருப்பிடித்தது போல ஆரஞ்சுக் கோடுகள் ஓடும். மூக்கருகே கொண்டுபோனால் அழுகிய முட்டை நாற்றம் லேசாக அடிக்கும். வேர்கள் இரண்டு விரல் ஆழத்திலேயே நின்றுவிட்டிருக்கும். நுனியைக் கிள்ளினால் மேல்தோல் வழுக்கிக் கழன்று, நடுநரம்பு நூல் மாதிரி தனியே வரும். அந்த நூலைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

அப்புறம் குழிச் சோதனை. ஓர் அடி ஆழக் குழி தோண்டி நீர் நிரப்பி, முழுதும் வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி, ஸ்கேல் ஒன்றை நட்டு ஒரு மணி நேரம் காத்திருங்கள். 2 அல்லது 3 செ.மீ. இறங்கினால் மண்ணில் கோளாறு இல்லை, தண்ணீர் வேறெங்கிருந்தோ வருகிறது. 1 செ.மீ. கூட இறங்காவிட்டால் மண் இறுகி அடைத்துக்கிடக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு: வந்து சேரும் தண்ணீருக்கு வடிகால், இறுகிய மண்ணுக்குத் துளை.

வடிகால் எப்படிப் போடுவது?

முதலில் மேலேயிருந்து வரும் தண்ணீரைத் தடுங்கள். மேட்டின் காலடியில், புல்தரைக்குள் நுழைவதற்கு முன்பே, குறுக்காக ஒரு வாய்க்கால். ஒன்றரை முதல் இரண்டு அடி ஆழம், ஓர் அடி அகலம் போதும். 100 அடி நீளத்துக்கு ஓர் அடி இறக்கம் இருந்தாலே தண்ணீர் ஓடும். அதற்குமேல் செங்குத்தாக வெட்டினால் தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போகும். வாய்க்கால் திறந்திருக்கலாம். நடக்க இடைஞ்சல் என்றால் கல் வாய்க்காலாக மூடலாம். அடியிலும் பக்கங்களிலும் வடிகட்டித் துணி விரித்து, துளையிட்ட 4 அங்குல பிவிசி குழாயைத் துளை கீழே பார்க்க வைத்து, சுற்றிலும் முக்கால் அங்குல ஜல்லி நிரப்பி, துணியை மடித்து மூடி, மேலே மணலும் புல்லும். துணி இல்லாமல் போட்ட கல் வாய்க்கால் இரண்டு மூன்று மழையில் களி ஏறி அடைத்துவிடும். பணம் மிச்சம் பிடிக்கும் இடம் அது இல்லை.

தண்ணீரை எங்கே கொண்டுபோய் விடுகிறீர்கள் என்பதுதான் நம் மலையில் பெரிய கேள்வி. கீழ்வீட்டுக்காரரின் தடுப்புச் சுவருக்குப் பின்னால் விட்டுவிடாதீர்கள். கொட்டி இறுக்கிய மண்ணின் விளிம்பிலும் விடக்கூடாது. 2009 நவம்பரில் நீலகிரியில் மண்சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. மண்ணுக்குள் புகுந்து வெளியே வர வழியில்லாத தண்ணீர்தான் சரிவைத் தள்ளுகிறது. இருக்கிற ஓடை வரைக்கும், கல் பாவிய வழியாக, வேகம் குறைத்துக் கொண்டுபோங்கள். உங்கள் தடுப்புச் சுவரில் நீர்க்கசிவுத் துளைகள் இருந்தால் வருடத்துக்கு ஒரு தடவை கம்பி விட்டு அடைப்பெடுங்கள். மண்வாரி இயந்திரம் கொண்டுவர நினைத்தால், நீலகிரியில் அதற்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். வீட்டுப் புல்தரைக்கு இரண்டு ஆளும் மண்வெட்டியும் தாராளமாகப் போதும்.

எம்-சாண்ட் ஒரு லோடு கொட்டிக் கலந்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார்களே?

களிமண்ணில் கொஞ்சம் மணலைக் கலந்தால் வருவது செங்கல்லுக்கான கலவை. களி மணலின் இடைவெளிகளை நிரப்பிக்கொண்டு முன்னைவிட இறுகும். மணலால் மண்ணின் தன்மை மாற வேண்டுமென்றால் பாதிக்கு மேல் மணலாக இருக்க வேண்டும், அது வீட்டுக்கு ஆகிற காரியம் இல்லை. துளை போட்டு, அந்தத் துளைக்குள் மட்டும் மணலும் மக்கிய எருவும் நிரப்புவது வேறு விஷயம். அது வேலை செய்யும்.

துளை போடுவது எப்படி, எப்போது?

ஏப்ரல், மே மாதங்களில் இரண்டு கோடை மழை விழுந்து மண் ஈரப்பதமாக இருக்கும்போது. சொதசொதவென்று இருக்கும்போது குத்தினால் துளையின் சுவர் மெழுகியது போல மூடிக்கொள்ளும்.

நான்கு பல் ஃபோர்க்கை 4 அங்குல ஆழத்துக்குக் குத்தி, பின்னால் லேசாக அசைத்து, நேராக எடுங்கள். 4 அங்குல இடைவெளி. 500 சதுர அடிக்கு ஓர் ஆளுக்கு ஒரு நாள் வேலை. மண்ணைக் குழலாக எடுத்து வெளியே போடும் கருவி கிடைத்தால் இன்னும் நல்லது, ஃபோர்க் மண்ணை ஒதுக்கத்தான் செய்யும், அது எடுத்தே விடும். பிறகு மூன்று பங்கு கழுவிய மணல், ஒரு பங்கு சலித்த மக்கிய எரு கலந்து தூவி, தென்னந்துடைப்பத்தால் கூட்டித் துளைக்குள் இறக்குங்கள். புல்லின் நுனி மூடக்கூடாது. அரை செ.மீ.க்கு மேல் ஒரே தடவையில் போட வேண்டாம்.

ஊட்டி தாவரவியல் பூங்காவில் மே மாத மலர்க் கண்காட்சிக் கூட்டம் போன பிறகு பெரிய புல்தரையைக் கொஞ்ச காலம் யாரும் மிதிக்காமல் மூடிவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1848-இல் தொடங்கிய தோட்டம் அது. மிதிபட்ட மண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்பது அங்கே பழைய பாடம். வீட்டில் கல்யாணம், விருந்து என்று ஷாமியானா போட்டிருந்தால் நீங்களும் அதைச் செய்யுங்கள்.

நம் ஊருக்கு எந்தப் புல் ஏற்றது?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி உயரத்தில் கிக்குயு புல்தான் எங்கும். கென்யாவின் மேட்டுநிலத்திலிருந்து வந்தது, அங்குள்ள கிக்குயு மக்களின் பெயர். குளிர், மிதி, வெட்டு எல்லாம் தாங்கும். அதன் குறை, தனக்குத்தானே கட்டிக்கொள்ளும் மெத்தை. தண்டும் வேரும் பின்னிப் பழுப்பாக, பஞ்சு போல, மண்ணுக்கும் இலைக்கும் நடுவே சேரும். அது 2 செ.மீ.க்கு மேல் போனால் மழைநீரைப் பிடித்து வைத்துக்கொண்டு பூஞ்சைக்கு வீடாகிவிடும். உறைபனிக் காலம் முடிந்து, மார்ச்சில் இரும்பு ரேக் போட்டு நன்றாக இழுங்கள். மூன்று வாரம் பார்க்கச் சகிக்காது, அப்புறம் புதுத் தளிர் வந்துவிடும்.

வாரியெடுத்த தண்டுகளைச் சோலை ஓரத்திலோ சதுப்பிலோ வீசாதீர்கள். ஒவ்வொரு கணுவும் வேர்விடும். நம் இயற்கைப் புல்வெளிகளை மூடிக்கொண்டு வருகிற வெளிப் புல்களில் இதுவும் ஒன்று, அதைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. வெயிலில் காயவைத்து எருக்குழியில் போடுங்கள்.

கூடலூர், பந்தலூர் பக்கம் உறைபனி இல்லை, மழை மிக அதிகம். அங்கே அகல இலை கார்பெட் புல் புளிப்பு மண்ணையும் ஈரத்தையும் நிழலையும் தாங்கும். ஊட்டிக்கு அது வேண்டாம், ஒரு உறைபனியில் போய்விடும்.

மஞ்சளானால் பூஞ்சை என்று முடிவுகட்டலாமா?

கூடாது. மழைக்கால மஞ்சளில் பெரும்பங்கு வேர் மூச்சுத் திணறலும் தழைச்சத்து அடித்துச்செல்லப்பட்டதும்தான். பூஞ்சை திட்டுத் திட்டாகத் தொடங்கும், ஒரு வடிவம் இருக்கும். காலை ஆறரைக்கு, வெயில் படுவதற்கு முன், மண்டியிட்டுப் பாருங்கள். நான் பார்க்கும் வரிசையைச் சொல்கிறேன்.

ஐந்து ரூபாய் நாணயம் அளவில் வைக்கோல் நிறத் திட்டுகள், அவற்றின்மேல் சிலந்திவலை போல வெள்ளை நூல், பனித்துளி கோத்துக்கொண்டு மின்னும். வெயில் ஏறினால் மறைந்துவிடும், அதனால்தான் பத்து மணிக்குப் போகிறவர் கண்ணில் படுவதில்லை. திட்டின் ஓரத்திலிருந்து ஒரு இலையைக் கிள்ளி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நடுவில் வெளுத்து, இரண்டு ஓரமும் செம்பழுப்புக் கோட்டோடு, உடுக்கை மாதிரி நடுவில் ஒடுங்கிய புண் தெரிந்தால் அது நாணயப் புள்ளி நோய். பட்டினி கிடக்கும் புல்லில் அதிகம் வரும். கொஞ்சம் தழைச்சத்து கொடுத்தாலே பாதி குணமாகும்.

நடந்துவந்தால் செருப்பில் ஆரஞ்சுப் பொடி ஒட்டுகிறதா? துரு நோய். இதுவும் பட்டினிப் புல்லின் நோய்தான்.

முழம் அகலத்துக்குப் பழுப்பு வட்டம், ஓரத்தில் காலையில் புகை நிற வளையம் என்றால் பழுப்புத் திட்டு நோய். இதற்கு இரவிலும் கதகதப்பு வேண்டும். ஊட்டியில் அரிது. பர்லியார், கூடலூர் பக்கம் பார்த்திருக்கிறேன், அதுவும் யூரியா அள்ளிப் போட்ட இடத்தில்.

எண்ணெய் தடவியது போலக் கறுத்து, வழவழவென்று படுத்துக்கிடக்கும் புல், தண்ணீர் ஓடிய பாதையிலோ மெஷின் போன தடத்திலோ நீள நீளமாகப் பரவுகிறதென்றால் அது பித்தியம். தேங்கிய தரையின் நோய் இதுதான். இதற்கு மட்டும் மருந்துப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள்.

மழை விட்டதும் புல்மேல் சாம்பல் கொட்டினது போலப் பொடி படிந்திருந்தால் பயப்பட வேண்டாம். அது சளிப்பூஞ்சை, இலைமேல் ஏறி உட்காருமே தவிரத் தின்னாது. துடைப்பத்தால் தட்டிவிடுங்கள்.

புல் பாய் மாதிரி சுருட்டிக்கொண்டு வந்தால் அது பூஞ்சையே இல்லை, அடியில் வேரைக் கடிக்கும் வெள்ளைப் புழு.

மழை பெய்யாத நாளிலும் நோய் வருகிறதே?

இலை நனைய மழையே வேண்டியதில்லை, மூடுபனி போதும். தேயிலை வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. கொப்புள நோய் எப்போது ஏறும்? வெயில் முகம் காட்டாமல் மூடுபனி நாட்கணக்கில் நிற்கும்போது. புல்லுக்கும் அதே கணக்கு. இலை எத்தனை மணி நேரம் ஈரமாக இருக்கிறது என்பதுதான் பூஞ்சைக்கு முக்கியம்.

அதனால் காலையில் ஒரு மூங்கில் கழியையோ தண்ணீர் ஹோஸையோ புல்தரையின்மேல் குறுக்கே இழுத்துப் பனித்துளியை உதிர்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை, நல்ல பலன். வேலியாக நிற்கும் சைப்ரஸைக் கீழ்க்கிளை கழித்துக் காற்றுக்கு வழி விடுங்கள். வறண்ட மாதங்களில் மாலையில் தண்ணீர் விடுவதை நிறுத்தி, விடியற்காலைக்கு மாற்றுங்கள்.

சரி, எந்த மருந்து?

வடிகால் பார்த்து, மெத்தையை வாரி, அப்படியும் திட்டு பரவினால்தான். நாணயப் புள்ளிக்கும் பழுப்புத் திட்டுக்கும் கார்பென்டசிம் லிட்டருக்கு 1 கிராம், அல்லது புரோபிகோனசோல் லிட்டருக்கு 1 மி.லி. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூஞ்சை பழகிக்கொள்ளும், மாற்றி அடியுங்கள்.

பித்தியத்துக்குக் கார்பென்டசிம் வேலை செய்யாது. பித்தியம் உண்மையான பூஞ்சை வகையே இல்லை, நீரில் நீந்தும் வித்துகளை விடும் வேறொரு கூட்டம். உருளைக்கிழங்கில் வரும் பின்கருகல் நோய்க்கு அது உறவுமுறை. நம் கிழங்கு விவசாயிகள் பின்கருகலுக்கு அடிக்கும் மெட்டலாக்சில், மேன்கோசெப் கலந்த மருந்துதான் இதற்கும், லிட்டருக்கு 2 கிராம். இந்த வித்தியாசம் தெரியாமல் கார்பென்டசிமை நான்கு தடவை அடித்துவிட்டு வந்து நிற்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும். காசும் போய், மண்ணும் கெட்டு, நோயும் அப்படியே.

எதை வாங்கினாலும் லேபிளில் உள்ளதே கடைசி வார்த்தை. மழை விட்டு இலை காய்ந்த நேரத்தில், கையுறையும் முகக்கவசமும் போட்டு, திட்டையும் சுற்றி இரண்டடியையும் மட்டும் அடியுங்கள். காயும்வரை பிள்ளைகளையும் நாயையும் விடாதீர்கள். ஊற்றுக்கும் ஓடைக்கும் பக்கத்தில் அடிக்கவே வேண்டாம். நம் ஓடையில் கலந்தது கீழ் ஊரின் குடிநீரில் போய்ச் சேரும்.

டிரைகோடெர்மா, சூடோமோனாஸ் பலன் தருமா?

இவை நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல நுண்ணுயிர்கள். வருமுன் காக்கப் பலன் தரும், வந்தபின் அவ்வளவாக இல்லை. மே கடைசியில் டிரைகோடெர்மா விரிடியை மக்கிய எருவில் கலந்து, நிழலில் ஈரச்சாக்கு போட்டு பத்து நாள் வைத்திருந்து, துளை நிரப்பும் கலவையோடு சேர்த்துத் தூவுகிறேன். சூடோமோனாஸை லிட்டருக்கு 10 கிராம் கலந்து தெளிக்கலாம். டிரைகோடெர்மாவும் ஒரு பூஞ்சைதான், போட்ட கையோடு கார்பென்டசிம் அடித்தால் அதுவும் செத்துவிடும்.

மழைக்காலத்தில் புல் வெட்டலாமா?

ஈரப்புல்லை வெட்டாதீர்கள், இலை கிழியும், மெஷின் சக்கரம் தடம் பதிக்கும், நோயைத் தூக்கிக்கொண்டு போகும். வெயில் கிடைத்த மதியம் வெட்டுங்கள். உயரத்தை 4 முதல் 5 செ.மீ. வரை வைத்து, ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். பிளேடு கூர்மையாக இருக்கட்டும், பிய்ந்த நுனி வழியாகத்தான் பூஞ்சை உள்ளே போகிறது. நோயுள்ள இடத்தைக் கடைசியாக வெட்டி, வெட்டிய புல்லை வாரி எடுத்து, மெஷினைக் கழுவி வையுங்கள்.

உரம், சுண்ணாம்பு?

நம் மண் புளிப்பு. சுண்ணாம்பாக டோலமைட் போடலாம், ஆனால் மண் பரிசோதனை செய்து அளவு தெரிந்துகொண்டு. யூரியாவோடு ஒரே சமயத்தில் போட்டால் தழைச்சத்து ஆவியாகப் போய்விடும், மூன்று வாரமாவது இடைவெளி விடுங்கள். கொட்டும் மழையில் யூரியா போடவே வேண்டாம். பாதி ஓடையில் போகும், மீதி புல்லை மெத்தென்று வளர்த்துப் பூஞ்சைக்குப் படையல் வைக்கும். மே இறுதியில் கொஞ்சம் சாம்பல்சத்து, மழை இடைவெளியில் மிகக் குறைந்த தழைச்சத்து, அவ்வளவுதான். ஊட்டிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை முக்கியம், கோத்தகிரி, குன்னூரில் வடகிழக்கு. அதனால் கோத்தகிரிக்காரர்கள் செப்டம்பர் கடைசியில் இன்னொரு தடவை தயாராக வேண்டும்.

பாசி படர்ந்துவிட்டது. சுரண்டினால் போகுமா?

போகும், மறுபடி வரும். நிழல், இறுக்கம், புளிப்பு இவற்றின் அடையாளம் பாசி.

வட்டமாகக் காளான் முளைக்கிறது.

அடியில் பழைய யூகலிப்டஸ் அல்லது சீகை மரத்தின் அடிக்கட்டை மக்கிக்கொண்டிருக்கும். முடிந்தால் தோண்டி எடுங்கள். இல்லையென்றால் வட்டத்தை ஃபோர்க்கால் குத்தித் தண்ணீர் இறங்க வழி செய்யுங்கள், காளானைப் பறித்துப் போடுங்கள். தெரியாத காளானைச் சமைக்க வேண்டாம்.

இரவில் காட்டுமாடு வந்து மேய்கிறது. ஒவ்வொரு குளம்படியிலும் தண்ணீர் நிற்கிறது.

குன்னூர், கோத்தகிரியில் இது தினசரி கதை. விரட்டப் போகாதீர்கள், உயிருக்கு ஆபத்து. பகலில் குளம்புக் குழியை மண் போட்டு மூடாமல், ஃபோர்க்கைக் குழியின் ஓரத்தில் சாய்வாகக் குத்தி, அடியிலிருந்து நெம்பித் தூக்கி, மேலே காலால் மெல்ல அமுக்குங்கள். மண் போட்டால் உள்ளே இருக்கும் புல் அழுகும். காட்டுப்பன்றி உழுதிருந்தால் அது வெள்ளைப் புழுவைத் தேடி வந்தது, புழுவைக் கவனியுங்கள்.

டிசம்பரில் புல் முழுதும் கருகிவிட்டது. இதுவும் பூஞ்சையா?

ஊட்டி, கேத்தி பள்ளத்தாக்குகளில் அது உறைபனி. திட்டாக இல்லாமல் பரவலாக, தாழ்ந்த பக்கம் அதிகமாகக் கருகும். வெள்ளையாக உறைந்திருக்கும்போது மிதித்தால் காலடித் தடம் அப்படியே கறுத்து நிற்கும். அடித்தண்டு உயிரோடுதான் இருக்கும், மார்ச்சில் துளிர்க்கும். மருந்து வேண்டாம்.

எல்லாம் செய்தும் ஒரு மூலை மட்டும் காய்வதே இல்லை. என்ன செய்ய?

எவ்வளவு ஆழம் தோண்டினாலும் குழியில் தண்ணீர் ஊறுகிறதென்றால் அது ஊற்று, அல்லது பழைய சதுப்பின் மிச்சம். வீடு வருவதற்கு முன் இந்த மலையின் பள்ளங்கள் எல்லாம் அப்படித்தான் இருந்தன, வெயில் காலத்தில் ஓடைகளுக்குத் தண்ணீர் கொடுத்தது அந்தச் சதுப்புகள்தான். அந்த மூலையில் புல்லை விட்டுவிடுங்கள். ஓரத்தில் கல் அடுக்கிப் பிரித்து, பெரணியும் ஓடையோரக் காசித்தும்பையும் வையுங்கள். என் வீட்டில் அப்படி விட்ட மூலை எட்டடிக்கு ஆறடி. ஜூலையில் அங்கே தவளை கத்துகிறது, பக்கத்துப் புல்லில் இந்த வருடம் ஒரு திட்டுகூட இல்லை.